நாலரை வயதுக் குழந்தைக்கு இந்தப் பாட்டுப் படம் ஏற்றதா? பார்த்துத் தீர்மானிக்கும் விதம்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு நாலரை வயது, மகனுக்கு எட்டு வயது. காலாண்டு விடுமுறையில் இருவரையும் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போய், தமிழில் டப்பிங் செய்யப்பட்ட, பாட்டு நிறைந்த ஓர் அனிமேஷன் படத்தைத் திரையரங்கில் காட்டலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. படத்துக்கு ‘யு’ சான்றிதழ் இருக்கிறது. “பொம்மைப் படம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது” என்கிறார் கணவர். “சின்னது ராத்திரி அலறி எழுந்திருக்கும்” என்கிறார் மாமியார். சென்ற ஆடியில் குழந்தைகளின் தாத்தா இறந்துபோனார் என்பதையும், அதன் பிறகு மகள் தனியாகத் தூங்குவதில்லை என்பதையும் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

அம்மா, அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வியில் முதலில் எழுதியிருக்க வேண்டிய வரி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். படத்தின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே அந்த ஒரு படத்துக்குத் தீர்ப்புச் சொல்வதை விட்டு, எந்தப் படமானாலும் நீங்களே பார்த்துத் தீர்மானிக்கும் விதத்தைச் சொல்கிறேன். டெல்டாவின் தொடக்கப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தவள் நான். பள்ளியிலும், ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர் நூலகத்திலும் குழந்தைகளுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். திரையைப் பார்த்ததைவிடத் திரையைப் பார்க்கும் முகங்களைப் பார்த்ததே அதிகம்.

சான்றிதழிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி நம் நாட்டில் முதலில் ‘யு’, ‘ஏ’ என்ற இரண்டு பிரிவுகள்தாம் இருந்தன. 1983இல், பெற்றோர் வழிகாட்டுதலோடு சிறுவர்கள் பார்க்கலாம் என்ற ‘யுஏ’வும், குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் உரிய ‘எஸ்’ஸும் சேர்ந்தன. 2023இல் வந்த திருத்தம் ‘யுஏ’வை 7, 13, 16 வயது என மூன்றாகப் பிரித்தது. இதில் ‘யு’ என்றால் எல்லாரும் பார்க்கலாம், தடை இல்லை என்று மட்டுமே பொருள். நாலரை வயதுக் குழந்தையை மனத்தில் வைத்து எடுத்த படம் என்றோ, அந்த வயதுக்கு நல்லது என்று யாரோ ஆராய்ந்து சொன்னார்கள் என்றோ பொருள் இல்லை. ஊர்ப் பொதுக் குளத்தில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று சொல்வதும், எந்தப் படியில் எவ்வளவு ஆழம் என்று சொல்வதும் வேறு வேறு அல்லவா? ‘யுஏ 7+’ என்று இருந்தால் ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பெற்றோர் யோசித்து முடிவு செய்யட்டும் என்று தணிக்கை வாரியமே பொறுப்பை உங்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஓடிடி தளங்களில் 2021 விதிகளின்படி இதே போன்ற வயதுக் குறிகள் உண்டு. ஆனால் அங்கே குறியை இடுவது அந்தத் தளமேதான்.

‘பொம்மைப் படம்’ என்ற சொல்லும் இதே போல ஏமாற்றும். வரைந்து எடுப்பது ஒரு தொழில்நுட்பம். அதற்கு வயது கிடையாது. 1937இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’, முழுநீளப் பாட்டு அனிமேஷன் படங்களுக்கெல்லாம் முன்னோடி. அதற்குப் பிரிட்டனின் தணிக்கை வாரியம், சிறுவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்க வேண்டும் என்ற அக்காலத்து ‘ஏ’ சான்றிதழைத்தான் கொடுத்தது. சூனியக்காரியும் இருண்ட காடும் சின்னஞ்சிறுவர்களை என்ன செய்யும் என்று அன்றைக்கே கவலைப்பட்டிருக்கிறார்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு படம் குழந்தைக்கு ஏற்றதா என்று பார்க்க உட்காரும் பெரியவர்கள், கதை நல்ல கதையா, நீதி நல்ல நீதியா, முடிவு சுபமா என்று பார்க்கிறார்கள். எட்டு வயதுப் பையனுக்கு இது ஓரளவு பொருந்தும். நாலரை வயதுப் பெண் குழந்தை கதையைப் பார்ப்பதில்லை. உருவத்தைப் பார்க்கிறது, சத்தத்தைக் கேட்கிறது. அது தொடக்கம், நடு, முடிவு என்று சேர்த்துக் கட்டாமல், காட்சி காட்சியாக அந்தந்த நொடியில் இருக்கிறது.

இதை ஆராய்ந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோஆன் கேன்டர், திரை தரும் பயத்தைப் பற்றித் தம் சக ஆய்வாளர்களுடன் 1980களில் பல ஆய்வுகளைச் செய்தார். அவற்றில் ஒன்றில், சாதுவான மனிதன் ஒருவன் பச்சை நிறப் பூதாகார உருவமாக மாறி நல்லவர்களைக் காப்பாற்றும் ‘ஹல்க்’ தொடரின் பகுதியைக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். பெரிய பிள்ளைகளுக்கு அந்த உருவம் வந்ததும் நிம்மதி, காப்பாற்ற ஆள் வந்துவிட்டான் என்று. பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகளோ அந்த மாற்றம் நடக்கும்போதுதான் மிகவும் பயந்தார்கள். இன்னோர் ஆய்வில் ஒரு கிழவியின் கதை. அழகான கிழவி அன்பாக இருப்பது, அழகான கிழவி கொடுமையாக இருப்பது, கோரமான கிழவி அன்பாக இருப்பது, கோரமான கிழவி கொடுமையாக இருப்பது என நான்கு விதமாக அதை அமைத்துக் காட்டினார்கள். வளர்ந்த பிள்ளைகள் அவள் என்ன செய்தாள் என்பதை வைத்து அவளை எடைபோட்டார்கள்; மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் அவள் தோற்றத்துக்கே அதிக இடம் கொடுத்தார்கள். ஆகவே, “கடைசியில் அந்தப் பூதம் நல்லதுதான் என்று தெரிந்துவிடுமே” என்ற சமாதானம் உங்கள் மகளிடம் செல்லுபடியாகாது. கடைசி வருவதற்குள் அவள் உங்கள் முந்தானைக்குள் இருப்பாள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை. தஞ்சாவூரை அடுத்த மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி இரவு நேரத்தில் பாகவத மேளா நடப்பது பலருக்குத் தெரியும். பாட்டும் நாட்டியமும் வசனமும் சேர்ந்த அந்த நாடகம் தெலுங்கில் இருக்கும். முன்வரிசையில் கோரைப்பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் பிரகலாத சரித்திரத்தில் யார் வந்தபோது நிமிர வேண்டும், யார் வந்தபோது ஒடுங்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும், வேஷமும் தாளமும் சொல்லிவிடுவதால். எனக்கு ஐந்து வயது இருக்கும்போது என் தாத்தா என்னை அங்கே கூட்டிப் போனார். நரசிம்மர் வரும் கட்டம் நெருங்கியபோது அவர் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “இப்போ தூணிலேர்ந்து சாமி வருவார், பெரிய பல்லு இருக்கும், மேளம் தடதடன்னு அடிப்பாங்க, நீ என் கட்டை விரலைப் பிடிச்சுக்கோ” என்றார். வெற்றிலையும் விபூதியும் கலந்த அவர் துண்டின் வாசனையும், என் பிடியில் இருந்த அந்த விரலின் சொரசொரப்பும் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. முகமூடி வந்தது, பயந்தேன், ஆனால் உடைந்துபோகவில்லை. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொன்னதும், பிடித்துக்கொள்ள ஒரு விரல் கொடுத்ததும் அதற்குக் காரணம் என்பது பல வருடம் ஆசிரியையாக இருந்த பிறகே எனக்குப் புரிந்தது.

முடிவு சுபமாக இருந்தால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அதைக் கைவிட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும்; உங்கள் ஊரும் அந்தப் பாதையில் இருந்த ஊர்தான். அடுத்த ஆண்டு குழந்தைகள் தினத்தன்று, கடலோரப் பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்புக்கு நான் ஒரு பாட்டு அனிமேஷன் படம் போட்டேன். நடுவில் கடலில் புயல் வரும், படகு உடையும், பின்பு எல்லாரும் கரை சேர்ந்து ஆடிப் பாடுவார்கள். அந்தப் படத்தின் முதல் அரை மணி நேரத்தை மட்டும் முன்னதாகப் பார்த்திருந்தேன். மிச்சத்தைப் பார்க்காமல் போட்டது என் பிழை. புயல் காட்சி தொடங்கியதும் வகுப்பில் பாதிப் பேர் கத்திச் சிரித்தார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து வராந்தாவுக்குப் போய், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி நின்றான். கஜாவில் அவர்கள் வீட்டுக் கூரை பறந்து, இரவு முழுவதும் கட்டிலுக்கு அடியில் இருந்த குழந்தை அவன். நான் போய் அருகில் நின்றபோது, “டீச்சர், ராத்திரி காத்து வருமா?” என்று கேட்டான். உள்ளே வெற்றிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதில் அந்தப் பாட்டு விழவே இல்லை.

அதன் பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் ‘குழந்தைகளுக்கு ஏற்றதா’ என்று பொதுவாகக் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். இன்ன குழந்தைக்கு ஏற்றதா என்றுதான் கேட்கிறேன். அக்கரைப்பேட்டையில் அப்பா விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கும் குழந்தைக்கும், கும்பகோணத்தில் வெற்றிலைக் கொடிக்காலில் வளரும் குழந்தைக்கும் கடல் காட்சி ஒன்றாக இராது. மன்னார்குடி, கூத்தாநல்லூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். தொலைந்துபோன அப்பாவைத் தேடிப் போகும் கதை அந்த வீட்டுப் பிள்ளையை எங்கே தொடும் என்று எங்கோ இருக்கும் எந்தத் தணிக்கை வாரியமும் சொல்ல முடியாது.

இந்த வகைப் படங்களில் தாயோ தந்தையோ இறப்பது மிகச் சாதாரணம். கதாநாயகப் பிள்ளை தனியாக வெளியே போனால்தான் கதை நகரும், அதற்காகப் பெற்றோரை முதலில் அப்புறப்படுத்திவிடுகிறார்கள். 1994இல் வந்த ‘லயன் கிங்’ படத்தில் தந்தைச் சிங்கம் இறந்து கிடக்க, குட்டி அதை எழுப்பப் பார்க்கும் காட்சி உலகம் முழுக்கக் குழந்தைகளை அழ வைத்தது. அழுவது தவறில்லை. எட்டு வயதில் அப்படி அழுவது ஒரு பிள்ளையை வளர்க்கவும் செய்யும். ஆனால் உங்கள் மகள் தாத்தாவை இழந்து இன்னும் சில மாதங்களே ஆகின்றன. எழுப்பியும் எழாத உருவத்தை அவள் வீட்டுக் கூடத்திலேயே பார்த்திருப்பாள். ஆகவே படத்தில் சாவு இருக்கிறதா, இருந்தால் யாருடையது, காட்டுகிறார்களா அல்லது சொல்லிவிட்டுப் போகிறார்களா, அதன் பிறகு அந்தப் பிள்ளையை அணைத்துக்கொள்ள யாராவது வருகிறார்களா என்பதை மட்டுமாவது முன்னதாகத் தெரிந்துகொள்ளாமல் அவளை அழைத்துச் செல்லாதீர்கள்.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் கேள்வி பாட்டுப் படத்தைப் பற்றியது. மற்றப் படங்கள் திரையரங்கோடு முடிந்துவிடும். பாட்டுப் படம் வீட்டுக்கு வரும். அடுத்த இரண்டு மாதம் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்தப் பாட்டுகள்தாம். ஆகவே படத்தைப் பார்ப்பதற்கு முன்பே பாட்டுகளை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள், காய்கறி நறுக்கிக்கொண்டே கேட்டால் போதும். படம் இல்லாமல் கேட்கும்போது சொற்கள் தெளிவாகக் காதில் விழும்.

இவ்வகைப் படங்களில் வழக்கமாக மூன்று விதப் பாட்டுகள் வருகின்றன. தொடக்கத்தில் நாயகியோ நாயகனோ தன் ஆசையைப் பாடும் பாட்டு ஒன்று. இது பெரும்பாலும் துன்பம் தராது. அடுத்தது, துணைக்கு வரும் விலங்கோ நண்பனோ பாடும் வேடிக்கைப் பாட்டு. சின்னக் குழந்தைக்கு இதுதான் இளைப்பாறும் திண்ணை. பயமுறுத்தும் காட்சி ஒன்றுக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் இப்படி ஒரு பாட்டு வருகிறது என்று கவனியுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இறுக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும் படம் நாலரை வயதுக்கு அதிகம். மூன்றாவது, வில்லன் பாட்டு. பல படங்களில் மெட்டு மிக நன்றாக அமைவது இதற்குத்தான், குழந்தைகள் முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். வில்லன் பாட்டைப் பாடுவதால் பிள்ளை கெட்டுப்போகாது. ராவணன் வேஷம் கட்ட எங்கள் பள்ளியில் எப்போதும் போட்டிதான். அந்தப் பாட்டில் எந்தச் சொல்லால் யாரை இழிவு செய்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். குண்டு, கறுப்பு, நொண்டி, திக்குவாய் என்று உடலைச் சொல்லிச் சிரிக்கும் வரி இருந்தால், அந்த வரி திங்கட்கிழமை வகுப்பறையில் ஒரு குழந்தையின் பெயராக மாறிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

மெட்டு செய்யும் வேலை வேறு. நாகஸ்வரமும் தவிலும் விளைந்த மண்ணில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீலாம்பரி உறங்க வைக்கும், முகாரி மனத்தைக் கனக்கச் செய்யும் என்று சொல்லித்தான் நம் வீடுகளில் வளர்ந்தோம். தாலாட்டில் எத்தனையோ தாய்மார்கள் தங்கள் துக்கத்தையெல்லாம் சொற்களாகப் போட்டுப் பாடியிருக்கிறார்கள். குரல் அமைதியாக இருப்பதால் குழந்தை தூங்கிவிடுகிறது. சின்ன வயதில் சொல்லுக்கு முன்னால் ஒலிதான் போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். திரை இசையமைப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தாழ்ந்த சுருதியில் நீளமாக ஒரு முழக்கம், திடீரென்று ஒரு நிசப்தம், அதன்மேல் ஓர் இடி: இந்த மூன்றும் வந்தால் திரையில் வெறும் கதவு இருந்தாலும் குழந்தை பயப்படும். வீட்டில் பார்க்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். பயங்கரமான காட்சியில் ரிமோட்டை எடுத்து ஒலியை நிறுத்துங்கள். ஒலி போனதும் காட்சியின் பயமும் போய்விட்டால், அந்தப் படத்தை ஒலியைக் குறைத்து வீட்டிலேயே காட்டலாம். ஒலி இல்லாமலும் உங்களுக்கே ஒரு மாதிரி இருந்தால், அது உருவத்தால் வரும் பயம். அந்தப் படத்தை இரண்டு வருடம் தள்ளி வையுங்கள்.

டப்பிங் பாட்டுகளில் இன்னொரு குறை உண்டு, எட்டு வயதுப் பையனை முன்னிட்டுச் சொல்கிறேன். வேறு மொழிக்கு அமைத்த மெட்டில், வாயசைவுக்கும் பொருந்த வேண்டும் என்று, தமிழ்ச் சொல்லை இழுத்து உட்கார வைக்கிறார்கள். நம் மொழியில் குறில் நீண்டால் சொல்லே மாறிவிடும்: வனம் வானமாகும், மனம் மானமாகும், படம் பாடமாகும். கவனமாக எழுதிய டப்பிங் பாட்டில் இப்படி நேராது. அவசரத்தில் எழுதியதில் அடிக்கடி நேரும். குழந்தை அதையே பாடிக்கொண்டு திரியும். இதற்காகப் படத்தையே தவிர்க்க வேண்டாம், பையனிடம் “இது வனமா வானமா, சொல்லு பார்ப்போம்” என்று கேட்டாலே அவன் அடுத்த பாட்டில் தானாகத் தேடத் தொடங்குவான். என்னை உண்மையாகவே வருத்துவது வேறொன்று. சில டப்பிங்குகளில் இளவரசியும் அரசனும் தொலைக்காட்சிச் செய்தி போலப் பேசுவார்கள். முட்டாள் வேலைக்காரனுக்கும் திருட்டு எலிக்கும் கிராமத்துப் பேச்சைக் கொடுத்துவிடுவார்கள். நம் குழந்தை தன் பாட்டி பேசும் தமிழைச் சிரிப்புக்குரிய தமிழாக அங்கேதான் முதலில் கேட்கிறது. அதே போல நல்லவர்கள் எல்லாரும் வெளுப்பாகவும், கெட்டவர்கள் எல்லாரும் கறுப்பாகவும் கோணலாகவும் வரையப்பட்டிருந்தால், வயலில் நின்று கறுத்த அப்பாவின் முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தை என்ன எண்ணும் என்று யோசியுங்கள். ஓரிரு படங்களால் ஒன்றும் ஆகிவிடாது. பார்த்த பத்துப் படமும் அப்படியே இருந்தால் வீட்டில் பேச வேண்டும்.

திரையரங்கு என்ற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரே படம் வீட்டில் ஏற்றதாகவும் அங்கே ஏற்காததாகவும் இருக்கலாம். “நம் குழந்தை தவிலுக்கே பழகியது, இந்தச் சத்தம் என்ன செய்யும்” என்று சொல்வார்கள். சாமி புறப்பாட்டில் தவில் அடிப்பவரைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது, அவர் கை ஓங்குவதும் தெரிகிறது, அதிகமாக இருந்தால் நாலு அடி பின்னால் வந்துவிடலாம், சத்தம் தெருவோடு கலைந்துபோகும். திரையரங்கில் நாலு பக்கச் சுவரும் கூரையும் சேர்ந்து அடிக்கும். இருட்டில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. தாழ்ந்த ஒலி நெஞ்சில் அதிரும். வேலையிடங்களில் பெரியவர்களுக்கு 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் வரை இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது உலக அளவில் பரவலாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. குழந்தையின் காதுக்கு அதைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். அவள் கையால் காதைப் பொத்திக்கொண்டால் அதைச் செல்லம் என்று நினைக்காதீர்கள், வெளியே கூட்டி வந்துவிடுங்கள்.

படத்துக்கு முன்னால் வருபவற்றையும் கணக்கில் எடுங்கள். மற்றப் படங்களின் முன்னோட்டங்கள் வரும். புகையிலை எச்சரிக்கைப் படங்களும் வரக்கூடும். வாயில் புண்ணோடு ஒருவர் பேசும் அந்தப் படம் எந்த அனிமேஷன் பூதத்தையும்விடச் சிறு குழந்தைகளைப் பயமுறுத்துகிறது. சின்னவளோடு போவதானால் பத்து நிமிடம் தாமதித்து உள்ளே நுழைவதே மேல். இடைவேளை இன்னொரு விஷயம். இடைவேளை இல்லாமல் எடுக்கப்பட்ட வெளிநாட்டுப் படங்களை நம் அரங்குகளில் நடுவில் வெட்டி நிறுத்துகிறார்கள். சில சமயம் அது ஆபத்தின் உச்சத்திலேயே அமைந்துவிடுகிறது. பெரியவர்கள் பாப்கார்ன் வாங்கப் போகிறார்கள். குழந்தை அந்தக் கடைசிக் காட்சியைப் பத்து நிமிடம் மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் “அடுத்து என்ன ஆகும் தெரியுமா, அவங்க தப்பிச்சுடுவாங்க” என்று சொல்லிவிடுங்கள். கதை கெட்டுவிடும் என்ற கவலை இந்த வயதில் வேண்டாம். தெரிந்த கதையை மறுபடி மறுபடி கேட்கத்தான் அவர்கள் விரும்புகிறார்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு முதல் நாலு வயது வரை உள்ள குழந்தைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இந்தியக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2021இல் தந்த வழிகாட்டுதலும் ஐந்து வயது வரை இதே அளவைத்தான் சொல்கிறது. இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் 90 நிமிடத்திலிருந்து 105 நிமிடம் வரை ஓடும். வீட்டில் இரண்டு நாளாகப் பிரித்துப் பார்க்கலாம். அரங்கில் அது முடியாது.

நீங்கள் முன்னதாகப் பார்க்கும்போது ஒரு காகிதத்தில் மூன்றே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மாறும் உருவம் அல்லது கோரமான முகம் எந்த நிமிடத்தில் வருகிறது, பெரியவர் ஒருவர் பிரியும் அல்லது இறக்கும் இடம் எது, திடீர்ச் சத்தம் எங்கே. பிறகு குழந்தையோடு பார்க்கும்போது அந்த இடத்துக்கு ஒரு நிமிடம் முன்பாக, என் தாத்தா செய்தது போல, வரப்போவதைச் சொல்லி மடியில் எடுத்துக்கொள்ளுங்கள். “இதெல்லாம் பொய், நிஜம் இல்லை” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எட்டு வயதுக்கு அது உதவும். நாலரை வயதுக்கு உதவுவது கையும் மடியும் பழகிய துணியும் வாயில் கொஞ்சம் தின்பண்டமும்தான். முன்னே சொன்ன ஆய்வாளர்கள் குழந்தைகளையே கேட்டபோதும் சின்னவர்கள் இவற்றைத்தான் நம்பினார்கள். அண்ணன் தங்கையைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். “பயந்தாங்கொள்ளி” என்று ஒரு முறை கேட்ட குழந்தை அடுத்த முறை பயத்தை மறைத்துக்கொள்ளும், மறைத்த பயம் இரவில்தான் வெளியே வரும்.

பார்த்து முடித்த பிறகு இரண்டு மூன்று நாள் அவள் விளையாட்டைக் கவனியுங்கள். படத்தின் காட்சியைப் பொம்மை வைத்து நடத்திப் பார்க்கிறாள், பூதத்துக்குச் சோறு ஊட்டுகிறாள், முடிவை மாற்றுகிறாள் என்றால் அது நன்றாகச் செரித்துவிட்டது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், கொல்லைப்புறத்துக்குத் தனியாகப் போக மறுத்தால், நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கினால், அந்தப் படத்தை எடுத்து வைத்துவிட்டுக் கொஞ்ச நாள் பழைய தெரிந்த கதைகளோடு இருங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். சரியாகாமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டு விஷயத்தில் என் எண்ணம் இது. மகனை அவன் அப்பா தஞ்சாவூருக்குக் கூட்டிப் போகட்டும்; எட்டு வயதில் இப்படிப்பட்ட படம் பெரும்பாலும் அவனுக்குத் தாங்கும், அப்பாவோடு தனியாகப் பஸ்ஸில் போய்வருவது படத்தைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருக்கலாம். மகள் அன்று பாட்டியோடு இருக்கட்டும். அவளைத் தண்டிக்கிறோம் என்று தோன்றாதபடி, அன்று அவளுக்கென்று ஒன்றைச் செய்யுங்கள். படத்தின் பாட்டுகளில் அந்த வேடிக்கைப் பாட்டை மட்டும் எடுத்து அவளுக்கு வீட்டில் போட்டு விடுங்கள், ஆடட்டும். படம் வீட்டுத் திரைக்கு வந்த பிறகு நீங்கள் ஒரு முறை முழுதாகப் பாருங்கள். யாரும் எழுப்பியும் எழாமல் கிடக்கும் காட்சி அதில் இருந்தால் அடுத்த ஆடி வரை அதைத் தொடாதீர்கள். அப்படி இல்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சன்னலைத் திறந்து வைத்து, வெளிச்சத்தில், சத்தத்தைக் குறைத்து, பாதிப் படம் பாருங்கள். மீதியைப் பார்க்க வேண்டும் என்று அவளே மறுநாள் கேட்டால் காட்டுங்கள். அவள் தாத்தாவைப் பற்றி நடுவில் ஏதாவது கேட்டால், அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.